காய்ந்த மரம் அசையாது என்பவர்களுக்கு

“இருபது வருஷம் குடோன்ல கிடந்த தேக்கு சார். இனிமே ஒரு நூல்கூட அசையாது. டெல்லிக்குக் கொண்டு போங்க, துபாய்க்குக் கொண்டு போங்க, அப்படியே நிக்கும்.”

மரக்கடையில் பேரம் பேசி நின்ற எவரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் பெரும்பாலும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. தன் அப்பா சொல்லக் கேட்டதை அப்படியே சொல்கிறார். வாங்குபவர் நம்புகிறார். வீட்டைக் கட்டும் பொறியாளர் நம்புகிறார். உள்ளலங்கார வேலை எடுத்தவர் நம்பி, அதையே தன் வாடிக்கையாளரிடம் உறுதியாகச் சொல்கிறார். பழைய வீட்டை இடித்து எடுத்த மரம் என்றால் நம்பிக்கை இன்னும் கூடிவிடுகிறது: நூறு வருஷம் வெயிலும் மழையும் பார்த்தது, இனி என்ன ஆகப்போகிறது?

இந்த நம்பிக்கை தவறு. கொஞ்சம் மிகைப்படுத்தியது என்றோ, தேக்குக்கு மட்டும் பொருந்துவது என்றோ விட்டுக்கொடுத்துப் பேச நான் வரவில்லை. அடியிலிருந்தே தவறு. இதனால் நல்ல மரம் வீணாகிறது. நல்ல தச்சர்களின் கூலி பிடிக்கப்படுகிறது. இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

மரம் காய்வது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழியில் தேங்கி நிற்பது ஒன்று. செல்களின் சுவருக்குள்ளேயே ஊறிப் பிணைந்திருப்பது மற்றொன்று. முதலில் வெளியேறுவது தேங்கிய நீர். அது போகப் போக மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. மரத்திலுள்ள ஈரம் அதன் உலர் எடையில் 28 முதல் 30 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கும்போது தேங்கிய நீர் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அதற்குக் கீழேதான் சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுவர் மெலிகிறது, பலகை சுருங்குகிறது.

இந்த இறக்கம் எங்கே போய் நிற்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூஜ்யத்தில் நிற்காது. மரம் கிடக்கும் இடத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்கு ஈடான ஓர் அளவில் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 சதவீதத்தில் நிலைகொள்ளும். காற்றில் 65 என்றால் மரத்தில் 12. காற்றில் 50 என்றால் 9. காற்றில் 30 என்றால் 6. மரத்துக்கு மரம் சற்று வேறுபடும். ஆனால் தேக்கா, பலாவா, வேங்கையா என்பதைவிட எந்தக் காற்றில் கிடக்கிறது என்பதே இந்த எண்ணைப் பெரிதும் தீர்மானிக்கிறது. காற்று மாறினால் எண்ணும் மாறும். இறங்குவதுபோலவே ஏறவும் செய்யும்.

சென்னையில் காற்றோட்டமாக அடுக்கிவைத்த ஓர் அங்குலத் தேக்குப் பலகை, அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று பெரியவர்கள் சொன்ன கணக்குப்படி, ஒரு வருஷத்தில் 13, 14 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் குறையில்லை. குறை, அதற்குப் பிறகு வரும் கற்பனையில் இருக்கிறது. மீதிப் பத்தொன்பது வருஷமும் அந்தப் பலகை காய்ந்துகொண்டே இருந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது காயவில்லை. கார்த்திகையில் கொஞ்சம் ஈரம் குடித்தது, சித்திரையில் கொஞ்சம் விட்டது, மறுபடி குடித்தது. இருபதாம் வருஷ முடிவிலும் அதே 13, 14தான். ஒரு கன அடித் தேக்கில் அந்த அளவு ஈரம் என்பது ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தண்ணீர். ‘எலும்பாகக் காய்ந்தது’ என்று தட்டிக் காட்டி விற்கும் மரத்துக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. கோடையில் டெல்லிக்கோ, குளிர்சாதனம் ஓயாமல் ஓடும் ஒரு வளைகுடா அலுவலகத்துக்கோ கொண்டுபோனால், அதில் பாதியை அது விட்டுவிடும். கன அடிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வெளியேறிய பலகை அதே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை.

‘ஒரு நூல்கூட’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தச்சர் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தேக்கு பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை, ஆண்டு வளையம் ஓடும் போக்கில் 5.8 சதவீதமும், மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் பொருட்படுத்த வேண்டாத அளவு. அமெரிக்காவில் மேடிசன் நகரத்திலுள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடத்தின் கையேட்டில் உள்ள அளவுகள் இவை. இதன்படி, வளையப் போக்கிலேயே அறுத்த பலகை, ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலத்தில் ஏறத்தாழ 0.19 சதவீதம் குறுகும். 14இலிருந்து 7க்கு இறங்கினால் 1.3 சதவீதம். ஓரடி அகலப் பலகைக்கு ஒன்றேகால் நூல். மூன்றடி அகல மேசைப் பலகைக்கு அரை அங்குலத்துக்குச் சற்றே குறைவு. எல்லா மரங்களிலும் குறைவாகச் சுருங்கும் வரிசையில் நிற்கும் தேக்குக்கே இந்தக் கணக்கு. மற்றவற்றின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

எண்களை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய வீட்டுச் சட்டம் ஒன்றில் ஒரு கிலோ எடையுள்ள துண்டை அறுத்து, சமையலறைத் தராசில் ஐப்பசி மழையில் ஒரு முறையும் சித்திரை வெயிலில் ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து கிராமிலிருந்து நாற்பது கிராம்வரை வித்தியாசம் வரும். நூறு வயதான மரம் இன்றும் தண்ணீர் குடிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வயதைப் பற்றிய வாதம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதுதான் சுலபத்தில் சாகாத வாதம். “அதெல்லாம் ஐம்பது வருஷ மரத்துக்கு. முந்நூறு வருஷ மரத்துக்கு உயிரே கிடையாது” என்பார்கள். முந்நூறு என்ன, ஐந்நூறு வயது மரங்களை வைத்தே இது பார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்கள் குண்டுவீச்சுக்குத் தப்ப வேல்ஸ் மலைப்பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டன. 1941இலிருந்து மேனட் என்ற சிலேட்டுக் கல் சுரங்கத்துக்குள் செங்கல் அறைகள் கட்டி, வெப்பமும் ஈரமும் மாறாமல் பாதுகாத்தார்கள். அந்த ஓவியங்களில் பல மரப்பலகைமேல் தீட்டியவை. ஓக், பாப்லர் பலகைகள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையும் உண்டு. லண்டனில் இருந்தவரை அந்தப் பலகைகள் அசைந்து, மேலிருந்த வண்ணம் கொப்பளிப்பதும் உதிர்வதும், அதைச் சரிசெய்பவர்கள் ஓயாமல் உழைப்பதும் வழக்கம். சுரங்கத்தில் அந்தத் தொல்லை ஏறக்குறைய நின்றேபோயிற்று. போர் முடிந்து 1945இல் லண்டனுக்குத் திரும்பியதும் கொப்பளிப்பும் வெடிப்பும் மறுபடி பெருகின. ஓவியக்கூடத்தின் காற்றைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்ததில் இந்த அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் காய்ந்த பலகை ஓர் இடத்தில் அடங்கியிருந்தது, இன்னோர் இடத்தில் அசைந்தது. வயது எதையும் தீர்மானிக்கவில்லை. மரம் மிகப் பழையதானால் ஈரம் வாங்கும் குணம் சற்றுக் குறையக்கூடும் என்பதை மறுக்கவில்லை. குறைவது வேறு, இல்லாமல்போவது வேறு.

அடுத்து, படித்தவர்கள் தரப்பு வாதம்: கில்ன், அதாவது மரம் உலர்த்தும் சூளை. “சார், இது குடோனில் காய்ந்ததில்லை. கில்னில் போட்டது. 8 சதவீதம். சர்டிபிகேட் இருக்கு.” இந்தத் தாள் எதைச் சொல்கிறது? சூளையிலிருந்து வெளியே வந்த நாளில் மரத்தில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதை. அந்த நாளுக்குப் பிறகு அந்தப் பலகை லாரியில் தார்ப்பாய்க்குள் வந்ததா, தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னருக்குள் வியர்த்துக் கிடந்ததா, கடலோரக் கிடங்கில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றதா என்பது தாளுக்குத் தெரியாது. 8 சதவீதத்தில் வந்த பலகை சென்னை மழைக்காலத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் 13, 14ஐ நோக்கி ஏறியே தீரும். சூளை செய்வது, நாம் விரும்பும் எண்ணுக்கு மரத்தை விரைவாகவும் பூச்சி, பூஞ்சைத் தொல்லை இல்லாமலும் கொண்டுவருவது. அது பெரிய சேவை. அந்த எண்ணிலேயே மரத்தைப் பூட்டிவைக்கும் வேலையைச் சூளை செய்வதில்லை. யாரும் அதை அதனிடம் கேட்கவும் இல்லை.

இன்னொன்று. ‘8 சதவீதம்’ என்பதைத் தரத்தின் உச்சம்போலப் பேசுகிறார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 287 என்ன சொல்கிறது? நாட்டைக் காற்றின் ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது: 40 சதவீதத்துக்குக் கீழ், 40 முதல் 50, 50 முதல் 67, 67க்கு மேல். 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த கனமுள்ள கதவு, ஜன்னல் மரத்துக்கு இந்த நான்கு மண்டலங்களில் முறையே 8, 10, 12, 14 சதவீதம் என்று வரம்பு வைக்கிறது. ஒரே நாட்டில், ஒரே கதவுக்கு, நான்கு வேறு எண்கள். கடலோரத்துக்குச் சரியாகக் காய்ந்த மரம் ராஜஸ்தானத்துக்கு ஈர மரம். ராஜஸ்தானத்துக்குச் சரியாகக் காய்ந்தது கடலோரத்துக்கு வந்தால் உப்பப்போகும் மரம். காகிதத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கும் இந்தச் சிறு அட்டவணை, மரம் விற்பவர், வாங்குபவர், வேலை எடுப்பவர் மூவரின் பேச்சிலும் ஏன் ஒருமுறைகூட வருவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

பாலிஷ், பாலியூரித்தேன் பூச்சு ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அவை ஈரம் போகும் வேகத்தைக் குறைக்கும். நிறுத்தாது. மேல்புறம் மட்டும் பூசி, கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தை வெறுமனே விட்டால் பலகை ஒருபக்கமாக வளையும். அவ்வளவுதான்.

முன்னோர் வாதத்துக்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். அதில் மரியாதை கலந்திருக்கிறது. “செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. நூறு வருஷமாக நிற்கவில்லையா?” நிற்கிறது. எப்படி நிற்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தோமா?

பர்மாவில் தேக்கை வெட்டுவதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறுப் பகுதியையும் வளையமாகச் செதுக்கி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றவாறே காயவிட்டார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதால் வந்த வழக்கம் அது. இங்கே வந்து சேர்ந்த பிறகும் அறுத்து, அடுக்கி, காத்திருந்தார்கள். பிறகு அந்தக் கதவுகளைச் செய்தவர்கள் பலகையைச் சட்டத்தோடு ஒட்டவில்லை. சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்து, பலகையின் ஓரத்தை அதற்குள் சும்மா செருகினார்கள். பலகை அந்தக் காடிக்குள் விரியலாம், சுருங்கலாம். சட்டம் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் பேனல் கதவு இருந்தால் வைகாசி மாதத்தில் வெளிச்சத்தில் நின்று உற்றுப் பாருங்கள். பலகை சட்டத்தைத் தொடும் இடத்தில், மேலிருந்து கீழாக, மெல்லிய வெளிர்நிறக் கோடு ஒன்று தெரியும். மழைக்காலத்தில் பாலிஷ் போட்டபோது காடிக்குள் மறைந்திருந்த பகுதி அது. சுருங்கியதால் வெளியே வந்திருக்கிறது. அடுத்த ஐப்பசியில் மறுபடி உள்ளே போய்விடும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகும் ‘காய்ந்த மரம் அசையாது’ என்று ஒருவர் சொல்ல முடியாது.

மரம் அசையும் என்று தெரிந்திருந்ததால்தான் அவர்கள் காடி எடுத்தார்கள். அசையாது என்று நம்பியிருந்தால் அந்த வேலையே தேவையில்லை. ஒட்டி, ஆணி அடித்து முடித்திருப்பார்கள். நாம் அவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டு, அவர்கள் ஒருபோதும் நம்பாத ஒன்றை நம்புகிறோம். அடைமழையில் கதவு பிடிக்கிறது என்று கூப்பிட்டால், “இப்ப இழைச்சா சித்திரையில சந்து விழும், தை பிறக்கட்டும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் ஆசாரி இன்றும் இருக்கிறார். அவர் சொல்வதும் அதே அறிவு. அவரைச் சோம்பேறி என்று நினைத்து வேறு ஆளைக் கூப்பிடுகிறோம்.

அந்த வீடுகள் நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அவை நகரவில்லை. நூறு வருஷமும் ஒரே ஊர், ஒரே முற்றம், ஒரே காற்று. இப்போது அந்த வீடுகள் பிரிக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் வழியாகத் தூணும் கதவும் உத்தரமும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் கடல் கடந்தும் போகின்றன. நூறு வருஷம் நின்றதன் பெருமையை அவை எதனால் பெற்றனவோ, அந்தக் காரணத்தை முதலில் அறுத்துவிட்டு, பெருமையை மட்டும் விலையில் சேர்த்து விற்கிறோம்.

அப்படிப்பட்ட ஒரு மேசையை நான் பார்த்திருக்கிறேன். செட்டிநாட்டு வீடு ஒன்றின் உத்தரத்தை அறுத்து எடுத்த மூன்று தேக்குப் பலகைகள், பக்கம் பக்கமாகப் பசையிட்டு இணைத்தவை. மூன்றடி அகலம். கீழே இரும்புச் சட்டம். சென்னைப் பட்டறையில் கார்த்திகை மழையில் வேலை நடந்தது. பெங்களூர் அடுக்ககம் ஒன்றுக்குப் போயிற்று. மார்ச் மாதம் ஓர் இரவு, வீட்டிலிருப்பவர்கள் திடுக்கிட்டு எழும்படி சத்தத்தோடு பிளந்தது. கார்த்திகைச் சென்னையில் 15, 16 சதவீத ஈரத்தில் இருந்த மரம், மார்ச் மாதப் பெங்களூர்ப் பகல்களில் 8, 9 சதவீதத்தைத் தேடும். அந்த அகலத்துக்கு அரை அங்குலத்தை நெருங்கும் சுருக்கம். இரும்புச் சட்டமோ சுருங்காது. அதில் பலகையைப் பிடித்திருந்த திருகாணிகள் இறுக்கமான வட்டத் துளைகளில் இருந்தன. இரண்டு பக்கமும் கட்டிப்போட்ட பலகை நடுவில் சுருங்க முயன்றால் கிழிவதைத் தவிர வேறு வழியில்லை.

குனிந்து பார்த்தேன். வெடிப்பு இணைப்பில் இல்லை. பசைக்கோட்டிலிருந்து விரல் அகலம் தள்ளி, முழு மரத்துக்குள் ஓடியிருந்தது. ஒரு ரூபாய்க் காசு தாராளமாக நுழையும். இணைப்பு அப்படியே இருந்தது. நகத்தை ஓட்டினால் தடம்கூடத் தெரியவில்லை. மரமே கிழிந்த இழுப்பில் அந்த இணைப்பு கிழியவில்லை என்றால், அதைச் செய்த கை எப்படிப்பட்டது! அந்தத் தச்சருக்குத் தரவேண்டிய மீதிக் கூலியைத் தரவில்லை. “வேலை சரியில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மேசைப் பலகை நகர இடம்விட்டு, நீள்துளையில் திருகாணி போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் அதை முதலில் சொல்லியிருக்கிறார். “நூறு வருஷ மரத்துக்கு அதெல்லாம் எதுக்கு” என்று இரும்புச் சட்டம் செய்தவர்கள் வட்டத் துளையோடே அனுப்பிவிட்டார்கள். மரம் அசையாது என்ற நம்பிக்கை செய்யும் கேடு இதுதான். வெடிப்பை அது உண்டாக்குவதில்லை. வெடிப்பைத் தடுத்திருக்கக்கூடிய எல்லா முன்யோசனைகளையும் வீண்செலவு என்று ஆக்கிவிடுகிறது.

எதிர்த்திசைப் பயணம் சத்தமில்லாமல் கெடுக்கும். வறண்ட ஊரில் செய்த பொருள் கடலோரத்துக்கு வந்தால் உப்பும். சட்டத்துக்குள் இறுக்கமாக இருக்கும் பலகை உப்ப இடமில்லாமல் தன் ஓரத்துச் செல்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். நசுங்கிய செல் திரும்ப எழாது. அடுத்த கோடையில் காயும்போது முன்பு இருந்த அளவைவிடச் சிறுத்துப்போகும். மண்வெட்டிக் காம்பு ஆடினால் இரவில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். காலையில் இறுகியிருக்கும், சில நாளில் முன்னைவிட அதிகமாக ஆடும். காரணம் இதேதான். மழையில் பிடித்த கதவு கோடையில் சந்து விடுவதும் இதனாலேயே. ஒரு காலநிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பிய மரச்சாமான் புறப்பட்டபடியே வந்து சேராது.

வீணை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரில் பலா மரத்தில் கடைந்த வீணை, டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்று அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. வெளியே பனி கொட்டுகிறதே, ஈரம் நிறைய இருக்குமே என்று தோன்றும். உறைகுளிரில் காற்று தாங்கும் ஈரமே மிகக் குறைவு. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றை வீட்டுக்குள் எடுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 11 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20, 25க்கு உயர்த்தலாம். காவிரிக்கரைக் காற்றில் 13 சதவீத ஈரத்தோடு பிறந்த பலா, அந்த அறையில் 5 சதவீதத்தை நோக்கி ஓடுகிறது. குடத்தில் கீறல் விழுகிறது. தண்டியும் குடமும் சேரும் இடம் வாய் திறக்கிறது. ‘பத்து வருஷம் காய்ந்த பலாவில் செய்தது’ என்ற உறுதிமொழி அதைக் காப்பாற்றுவதில்லை. பெட்டிக்குள் ஈரம் காக்கும் பையும், அறையில் ஈரமூட்டும் கருவியும்தான் காப்பாற்றுகின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே நாள் முழுக்க குளிர்சாதனம் ஓடும் அறைக்கும் அதை ஒட்டிய பால்கனிக்கும் நடுவே மரத்தின் கணக்கில் நாலைந்து சதவீத வித்தியாசம் இருக்கிறது. ஒரு சுவரைத் தாண்டினாலே வேறு நாடு.

என் எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பச்சை மரத்தைவிடக் கிடந்து காய்ந்த மரம் நூறு மடங்கு மேல். பழைய தேக்கில் வைரம் மிகுந்திருக்கும், வெளிறு குறைந்திருக்கும், கோணுகிற பலகை ஏற்கெனவே கோணி ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். அந்த விலை நல்ல மரத்துக்கான விலை. கவலையில்லாமல் இருப்பதற்கான உரிமம் அதில் சேராது.

“சரி, காத்திருக்கச் சொல்கிறீர்கள். வேலை நடக்க வேண்டாமா?” என்பதுதான் கடைசியில் எஞ்சும் மறுப்பு. நடக்கட்டும். செய்து முடித்த சாமானாக ஊர்மாற்றாமல் பலகையாக ஊர்மாற்றுங்கள். வேலையை அது வாழப்போகும் ஊரில் செய்யுங்கள்; முடியாவிட்டால், அந்த ஊரின் ஈர எண்ணுக்கு இறக்கிய மரத்தில் செய்யச் சொல்லுங்கள். வந்து இறங்கிய பலகையைச் சுவரோரம் சாய்த்துவைக்காமல், நடுநடுவே ரீப்பர் துண்டு கொடுத்துக் காற்றாட அடுக்குங்கள். அறுத்த முனை வழியாக ஈரம் முகப்பைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும். அங்கே மெழுகோ பெயிண்டோ தடவாவிட்டால் முனையில் வெடிப்பு தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்போதுதான் பூச்சு முடிந்த வீட்டில் மரத்தைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு ‘வீட்டுக் காற்றுக்குப் பழகுகிறது’ என்று சொல்லாதீர்கள். ஈரச் சிமெண்ட் விடும் தண்ணீரை அந்த மரம் குடித்துக்கொண்டிருக்கிறது. சுவர் காய்ந்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு, அங்கே யாராவது குடியிருந்தால் எப்படி இருக்குமோ அந்தக் காற்று வந்த பிறகுதான் பழகும் கணக்கு தொடங்குகிறது. ஓர் அங்குலப் பலகைக்குச் சில வாரங்கள். இரண்டு அங்குலம் என்றால் இரண்டு மடங்கு போதாது, ஏறத்தாழ நான்கு மடங்கு. தூணும் உத்தரமும் வருஷக்கணக்கு. ‘ஒரு வாரம் வீட்டில் போட்டுவைத்தோம்’ என்பது மரத்தின் தோலுக்கு மட்டும் தெரிந்த செய்தி.

ஈரம் அளக்கும் மீட்டர் ஒரு கன அடித் தேக்கின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. வாரம் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எண் நகர்வது நின்றால் உளியை எடுக்கலாம். அப்போதும் அசைவுக்கு இடம்விட்டே செய்ய வேண்டும். வருஷத்தில் காற்று ஒன்றாக இருப்பதில்லை. மழையில் செய்தால் பலகையைக் காடியில் ஆழச் செருக வேண்டும், கோடையில் செய்தால் விரிய இடம் விட வேண்டும். மேசைப் பலகைக்கு நீள்துளை வேண்டும். வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை கிடைத்தால் அசைவு பாதியாகும், கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காத்திருப்பு செலவுதான். ஆனால் எதோடு ஒப்பிட்டு? மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்தியது. பழைய பர்மா தேக்கு இனி வரப்போவதில்லை; இருக்கிற வீடுகளிலிருந்து பிரிப்பதுதான் மிச்சம். பிளந்த பலகையை ஒட்டுப்போட்டு மறைக்கலாம், பழையபடி ஆக்க முடியாது.

மரம் விற்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். எத்தனை வருஷம் காய்ந்தது என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். இன்றைய ஈரம் எத்தனை சதவீதம், வாங்குபவர் எந்த ஊருக்குக் கொண்டுபோகிறார், அங்கே எத்தனை வேண்டும் என்று மூன்றையும் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களுக்கு: மேசையில் வெடிப்பு கண்டதும் தச்சரின் கூலியில் கைவைக்காதீர்கள். அந்த மரம் எந்த ஊரில் இருந்து வந்தது, அறுப்பதற்கு முன் உங்கள் வீட்டில் எத்தனை நாள் கிடந்தது, அசைய இடம் விடச் சொன்னபோது வேண்டாம் என்றது யார் என்று கேளுங்கள். பதில் உங்கள் பக்கம் வந்தால், அவருக்குத் தரவேண்டியதை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.